டயப்பரில் சிவப்பு... குழந்தையின் மலத்தில் ரத்தம் வந்தால் என்ன செய்ய வேண்டும்?

குழந்தை நலம்

எட்டு மாதக் குழந்தை. காலையில் கேழ்வரகுக் கூழ் சாப்பிட்டு, தரையெல்லாம் தவழ்ந்து, பாத்திரங்களை உருட்டி விளையாடியவன். மதியம் தூளியில் தூங்கிக்கொண்டிருந்தவன் திடீரென்று வீறிட்டு அழுதான். கால்கள் இரண்டையும் வயிற்றோடு மடக்கிக்கொண்டான். முகம் வெளுத்தது. இரண்டு மூன்று நிமிடங்களில் அழுகை நின்றது. ஒன்றுமே நடக்காததுபோலத் தூங்கிப்போனான். கால் மணி நேரம் கழித்து மறுபடியும் அதே அழுகை.

‘வயித்துல காத்து சேர்ந்திருக்கும்’ என்று மெடிக்கல் ஷாப்பில் கேட்டு சொட்டு மருந்து வாங்கிவந்தார் அப்பா. ஓமத் தண்ணீரும் கொடுத்துப் பார்த்தார்கள். மாலையில் குடித்த பாலையெல்லாம் வாந்தி எடுத்தான். ‘குடலேத்தமா இருக்கும். எண்ணெய் தடவித் தட்டினா சரியாப் போயிடும்’ என்றார் பக்கத்து வீட்டு அம்மா.

மறுத்தவர் பாட்டிதான். “நாலு பிள்ளைய வளர்த்திருக்கேன். பசி அழுகையும் தெரியும், தூக்க அழுகையும் தெரியும். இது பிரசவ வலி மாதிரி விட்டு விட்டு வருது. நடுவுல பிள்ளை துவண்டு போறான். தட்டவும் வேணாம், காலைல வரைக்கும் வெச்சிருக்கவும் வேணாம்” என்றார்.

கிளம்பும் முன் டயப்பரை மாற்றினார் அம்மா. அதில் மலம் இல்லை. சளியும் ரத்தமும் கலந்து, சிவப்பு ஜெல்லி போல ஏதோ இருந்தது. “அத்தை... இங்க பாருங்க” என்றவருக்கு அதற்கு மேல் பேச்சு வரவில்லை.

மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்தார்கள். குடலின் ஒரு பகுதி இன்னொரு பகுதிக்குள் புகுந்திருந்தது. அன்று இரவே அறுவை சிகிச்சை இல்லாமல் அதைச் சரிசெய்தார்கள். மறுநாள் மாலை குழந்தை அம்மாவிடம் பால் குடித்தான்.

இன்னொரு வீடு. மூன்றரை வயதுச் சிறுமி, எல்.கே.ஜி. படிக்கிறாள். மூன்று நாட்களாக மலம் போகவில்லை. நான்காம் நாள் அழுதுகொண்டே போனாள். கெட்டியான மலத்தின் மேல் பளிச்சென்று சிவப்புக் கோடு, கடைசியில் இரண்டு சொட்டு ரத்தம். அம்மாவுக்குக் கைகால் நடுங்கியது. அப்பாவுக்கோ பஸ் ஸ்டாண்டு சுவரில் பார்த்த ‘மூலம், பவுத்திரம்’ போஸ்டர் நினைவுக்கு வந்தது. கால் மணி நேரத்தில் சிறுமி இட்லி சாப்பிட்டுவிட்டு தம்பியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

இரண்டு வீட்டிலும் வந்தது ரத்தம்தான். முதல் வீட்டுக்கு ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். இரண்டாம் வீட்டுக்கு மறுநாள் மருத்துவரைப் பார்த்தாலே போதும். இந்த வித்தியாசத்தை ரத்தத்தின் அளவை மட்டும் வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. குழந்தை எப்படி இருக்கிறது என்பதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

குடலுக்குள் குடல்

முதல் குழந்தைக்கு வந்ததை ‘குடல் செருகல்’ என்பார்கள். மருத்துவர்கள் ‘இன்டஸ்ஸசெப்ஷன்’ என்று எழுதுவார்கள். முழுக்கைச் சட்டையைக் கழற்றும்போது கையின் ஒரு பகுதி உள்ளே மடிந்து சுருட்டிக்கொள்ளும் அல்லவா? குடலும் அப்படித்தான் தனக்குள்ளேயே மடிந்து புகுந்துவிடுகிறது. பெரும்பாலும் சிறுகுடல் பெருங்குடலில் சேரும் இடத்தில் இது நடக்கும். மூன்று மாதம் முதல் மூன்று வயது வரையிலான குழந்தைகளிடம், அதிலும் ஒரு வயதுக்குள், அதிகம் வருகிறது. பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளுக்குச் சற்று அதிகம். பல நேரங்களில் காரணம் என்னவென்றே தெரியாது. சில குழந்தைகளுக்குச் சளிக் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்துபோன பிறகு ஏற்படுவதுண்டு.

குடல் தள்ள முயலும்போதெல்லாம் வலி வரும். தளரும்போது வலி விடும். அதனால்தான் அழுகை விட்டு விட்டு வருகிறது. பாட்டி அதைப் பிரசவ வலியோடு ஒப்பிட்டது மிகச் சரியான கணிப்பு. உள்ளே மாட்டிய குடலுக்கு ரத்த ஓட்டம் குறையும்போதுதான் சிவப்பு ஜெல்லி போன்ற மலம் வரும். அது பெரும்பாலும் தாமதமாக வரும் அறிகுறி. எல்லாக் குழந்தைகளுக்கும் வராது. எனவே, ‘ரத்தம் வரலையே’ என்று காத்திருப்பதும் ஆபத்துதான். சில குழந்தைகள் அதிகம் அழாமல் வெறுமனே சோர்ந்து கிடப்பதும் உண்டு.

வயிற்றை அல்ட்ராசவுண்டு ஸ்கேன் செய்தால் வளையத்துக்குள் வளையமாக இது தெரிந்துவிடும். ஆசனவாய் வழியாகக் காற்றையோ உப்பு நீரையோ அளவான அழுத்தத்தில் செலுத்தி, புகுந்த குடலை வெளியே தள்ளுவார்கள். சீக்கிரம் வந்தால் 10 குழந்தைகளில் சுமார் 8 பேருக்கு இதுவே போதும். தாமதமானால் குடல் அழுகலாம், ஓட்டை விழலாம். அப்போது அறுவை சிகிச்சை தவிர வழியில்லை. சரியான பிறகும் சுமார் 10 குழந்தைகளில் ஒருவருக்கு மீண்டும் வரக்கூடும். வீட்டுக்கு வந்த பின்னும் அதே அழுகை கேட்டால் யோசிக்காமல் திரும்பிப் போக வேண்டும்.

குடல் தட்டுவது, தொக்கம் எடுப்பது, வயிற்றை அழுத்தி எண்ணெய் தேய்ப்பது எதுவும் இந்தக் குழந்தைக்கு உதவாது. பொன்னான நேரம்தான் போகும்.

ரோட்டா வைரஸ் தடுப்பு மருந்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று பெற்றோர் கேட்பது உண்டு. அமெரிக்காவில் முதலில் வந்த ஒரு ரோட்டா தடுப்பு மருந்து, குடல் செருகல் காரணமாக 1999-இல் திரும்பப் பெறப்பட்டது. இப்போது புழக்கத்தில் இருப்பவை வேறு. இந்தியாவில் அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் 2016 முதல் படிப்படியாக ரோட்டா சொட்டு மருந்து சேர்க்கப்பட்டது. நம் நாட்டு மருத்துவமனைகள் பலவற்றில் நடத்தப்பட்டு 2020-இல் வெளியான ஆய்வு, ரோட்டாவாக் மருந்தால் குடல் செருகல் கூடவில்லை என்று காட்டியது. ஆகவே 6, 10, 14 வாரங்களில் சொட்டு மருந்தைத் தவறாமல் கொடுக்கலாம். ஏற்கெனவே குடல் செருகல் வந்த குழந்தைக்கு மட்டும் இதைக் கொடுப்பதில்லை. அந்த விவரத்தை மருத்துவரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும்.

அடிக்கடி காண்பது ஆசனவாய் வெடிப்பு

எல்.கே.ஜி. சிறுமிக்கு வந்தது மூலம் அல்ல. சின்னக் குழந்தைகளுக்கு மூலம் வருவது அபூர்வம். கெட்டியான மலம் வெளியேறும்போது ஆசனவாயின் ஓரத்தில் மெல்லிய கீறல் விழுகிறது. ஒன்று முதல் ஐந்து வயது வரை மலத்தில் ரத்தம் வருவதற்கு அடிக்கடி காணும் காரணம் இதுதான். பளிச்சென்ற சிவப்பு, மலத்தோடு கலக்காமல் மேலே கோடாக இருக்கும். போகும்போது வலிக்கும். போன பிறகு குழந்தை வழக்கம்போல் விளையாடும்.

இதில் பெரிய சிக்கல், வலி உண்டாக்கும் பயம்தான். ஒரு முறை வலித்தால் அடுத்த முறை குழந்தை அடக்கிக்கொள்கிறது. கால்களைப் பின்னிக்கொண்டு மூலையில் நிற்கும், சோபாவைப் பிடித்துக்கொண்டு விறைக்கும். ‘முக்குறான், ஆனா வரலை’ என்று பெற்றோர் நினைப்பார்கள். உண்மையில் வரவிடாமல் தடுக்கத்தான் குழந்தை போராடுகிறது. அடக்க அடக்க மலம் இன்னும் இறுகும். மறுபடி கீறல், மறுபடி பயம். பள்ளியில் கழிவறை சுத்தமாக இல்லை என்றோ, டீச்சரிடம் கேட்கக் கூச்சப்பட்டோ அடக்கும் பிள்ளைகளும் நிறைய.

வெற்றிலைக் காம்பில் எண்ணெய் தடவி வைப்பது, சோப்புத் துண்டு வைப்பது, விரலை விடுவது போன்றவற்றை இந்த நேரத்தில் செய்யவே கூடாது. கீறல் பெரிதாகும், பயம் இரட்டிப்பாகும். விளக்கெண்ணெய் கொடுத்து ‘வயிற்றைக் கழுவுவதும்’ வேண்டாம்.

செய்ய வேண்டியவை எளிமையானவை. பால் அளவைப் பாருங்கள். ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கு நாளொன்றுக்கு சுமார் அரை லிட்டருக்கு மேல் பால் தேவையில்லை. நாலு பாட்டில் பாலும் இரண்டு பாக்கெட் பிஸ்கட்டுமாக வளரும் குழந்தைக்கு மலச்சிக்கலும் வரும், ரத்தசோகையும் வரும். பாலைக் குறைத்தாலே பசி எடுத்து சாப்பாடு இறங்கும். கீரை, காய்கறி, பயறு, கேழ்வரகு, பப்பாளி, விதை நீக்கிய கொய்யா, போதுமான தண்ணீர் ஆகியவற்றைத் தினமும் சேர்க்க வேண்டும்.

சாப்பிட்டு முடித்ததும் குடல் அசைவு கூடும். அந்த நேரத்தில் ஐந்து, பத்து நிமிடம் கழிவறையில் உட்காரவைப்பது நல்ல பழக்கம். வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் கால் தொங்கக் கூடாது. காலுக்கு அடியில் ஒரு முக்காலி போட வேண்டும். போகவில்லை என்றாலும் திட்டக் கூடாது. வலி இருக்கும் நாட்களில் அகலமான டப்பில் வெதுவெதுப்பான நீர் ஊற்றிப் பத்து நிமிடம் உட்காரவைத்தால் இதமாக இருக்கும்.

பெரும்பாலான குழந்தைகளுக்கு மலத்தை இளக்கும் மருந்தும் தேவைப்படும். மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன காலம் வரை கொடுக்க வேண்டும். நான்கு நாளில் சரியாகிவிட்டது என்று நிறுத்துவதால்தான் பல வீடுகளில் இது மாதக்கணக்கில் இழுக்கிறது. கீறல் ஆறுவதற்குச் சில நாட்கள் போதும். குழந்தையின் மனதில் இருக்கும் பயம் ஆற மாதங்கள் ஆகும்.

கைக்குழந்தையும் பசும்பாலும்

ஒரு மாதம், இரண்டு மாதக் குழந்தை. நன்றாகப் பால் குடிக்கிறது, எடை ஏறுகிறது, சிரிக்கிறது. ஆனால், மலத்தில் சளியோடு நூல் நூலாக ரத்தம். பசும்பால் புரத ஒவ்வாமை இதற்கு ஒரு காரணம். தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தைக்கும் இது வரலாம். அம்மா சாப்பிடும் பால், தயிர், பனீர் வழியாக அந்தப் புரதம் தாய்ப்பாலில் சிறிதளவு சேர்கிறது.

‘உன் பால் சேரலை’ என்று தாயைக் குற்றவாளி ஆக்கும் வேலை இங்கேதான் ஆரம்பிக்கும். தாய்ப்பாலை நிறுத்தவே தேவையில்லை. மருத்துவர் சொன்னால் அம்மா தன் சாப்பாட்டில் பால் பொருட்களை நிறுத்திப் பார்ப்பார். பெரும்பாலும் ஓரிரு வாரங்களில் ரத்தம் நின்றுவிடும். ஆட்டுப்பாலும் எருமைப்பாலும் இதற்கு மாற்று ஆகாது. அவற்றின் புரதமும் ஏறத்தாழ அதே வகைதான். ஒரு வயதை நெருங்கும்போது பெரும்பாலான குழந்தைகளுக்கு இந்த ஒவ்வாமை தானாகவே மறைந்துவிடுகிறது.

பிறந்து சில நாட்களே ஆன குழந்தை என்றால் இன்னொரு காரணமும் உண்டு. பிரசவத்தின்போது விழுங்கிய தாயின் ரத்தமோ, தாயின் மார்புக் காம்பு வெடிப்பிலிருந்து பாலோடு போன ரத்தமோ மலத்தில் வரலாம். இது குழந்தையின் ரத்தமே அல்ல. ஆனாலும், அதை முடிவுசெய்ய வேண்டியவர் மருத்துவர். பிறந்தவுடன் போடும் வைட்டமின் கே ஊசி விடுபட்டுப்போன குழந்தைக்கு, ரத்தம் உறையாமல் பல இடங்களில் கசியும் அபாயம் இருக்கிறது. எனவே, பிறந்து ஒரு மாதத்துக்குள் மலத்தில் ரத்தம் தெரிந்தால் அன்றைக்கே காட்ட வேண்டும்.

ரத்தபேதி

காய்ச்சல், அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகப் போகும் மலம், சளியும் ரத்தமும், வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுகை... இவையெல்லாம் சேர்ந்து வந்தால் அது ரத்தபேதியாக இருக்கலாம். ஷிகெல்லா போன்ற கிருமிகளே காரணம். ‘பல் முளைக்குது, அதான் போகுது’ என்று விடக் கூடாது. பல் முளைப்பதால் மலத்தில் ரத்தம் வராது.

ஒரு லிட்டர் பாக்கெட் என்றால், காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் தண்ணீரில் மொத்தமாகக் கலந்த ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். தாய்ப்பாலும் வழக்கமான உணவும் தொடரலாம். துத்தநாக மருந்து 14 நாட்களுக்கு. அளவு, ஆறு மாதத்துக்கு மேல் தினம் 20 மில்லி கிராம், அதற்குக் கீழ் 10. ஆன்டிபயாடிக் தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். பெரியவர்களுக்கு வாங்கிவைத்த பேதியை நிறுத்தும் மாத்திரையில் பாதியைக் கூடக் குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது. குடல் அசைவு நின்று, கிருமியும் நச்சும் உள்ளேயே தங்கி, நிலைமை மோசமாகும்.

பேதி நின்ற சில நாட்களில் குழந்தை வெளுத்துப்போய், சிறுநீர் குறைந்தால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருக்கலாம். அது தள்ளிப்போட முடியாத அறிகுறி.

வலியே இல்லாமல் ரத்தம்

வலியில்லை என்றால் ஆபத்தில்லை என்று அர்த்தமில்லை. இரண்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கு மலச்சிக்கல் இல்லாமல் அவ்வப்போது ரத்தம் வந்தால், பெருங்குடலில் ‘பாலிப்’ எனும் சிறு சதை வளர்ச்சி இருக்கலாம். குழந்தைகளுக்கு வருவது பெரும்பாலும் ஒற்றையாக இருக்கும், புற்றுநோய் அல்ல. உள்நோக்கிக் கருவி மூலமாகவே எடுத்துவிடலாம்.

இன்னொன்று ‘மெக்கல்ஸ் டைவர்டிகுலம்’. கருவில் இருந்தபோது மறைந்திருக்க வேண்டிய ஒரு சிறு பை, சுமார் 100 பேரில் 2 பேருக்குச் சிறுகுடலில் மிச்சமாக இருந்துவிடுகிறது. பெரும்பாலோருக்கு ஆயுள் முழுதும் தொந்தரவு தராது. சில குழந்தைகளுக்கு மட்டும் அதிலிருந்து திடீரென்று நிறைய ரத்தம் போகும். குழந்தை வலியென்று சொல்லாது, வெளுத்துப்போகும். உடனே மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய நிலை இது.

மழைக்காலத்தில் டெங்குவையும் நினைவில் வைக்க வேண்டும். காய்ச்சல் குறையும் நாட்களில்தான் அதன் ஆபத்துக் கட்டம் வருகிறது. அப்போது மலம் தார் போலக் கறுத்தாலோ, ரத்தம் தெரிந்தாலோ, வயிற்றுவலியும் தொடர் வாந்தியும் இருந்தாலோ ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

சிவப்பெல்லாம் ரத்தம் அல்ல

பதறும் முன் ஒரு கேள்வி: நேற்று என்ன சாப்பிட்டான்? பீட்ரூட் பொரியல், சிவப்பு டிராகன் பழம், கலர் சேர்த்த ஜெல்லி மிட்டாய் எல்லாமே மலத்தைச் சிவப்பாக்கும். இரும்புச்சத்து சிரப் குடிக்கும் குழந்தைக்கு மலம் கறுப்பாகப் போவது இயல்பு. அந்த உணவை இரண்டு நாள் நிறுத்தியும் நிறம் மாறவில்லை என்றால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். சந்தேகம் இருக்கும்போது ‘பீட்ரூட்தான்’ என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொள்ள வேண்டாம்.

மருத்துவரிடம் என்ன சொல்வது?

முதல் வேலை, போனில் ஒரு போட்டோ எடுப்பது. அருவருப்பு வேண்டாம். ‘கொஞ்சம் சிவப்பா இருந்துச்சு டாக்டர்’ என்பதைவிட ஒரு படம் அதிகம் சொல்லும். முடிந்தால் டயப்பரையே ஒரு கவரில் சுற்றி எடுத்துச் செல்லலாம். பிறகு இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: எப்போது தொடங்கியது, எத்தனை முறை, ரத்தம் மலத்தின் மேலா, கலந்தா, மலமே இல்லாமலா, காய்ச்சல், வாந்தி உண்டா, வாந்தியின் நிறம் என்ன, கடைசியாக எப்போது சிறுநீர் போனது, என்னென்ன மருந்து கொடுத்தீர்கள். வீட்டு மருந்து கொடுத்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டியவை

* விட்டு விட்டு வீறிட்டு அழுது, காலை மடக்கி, நடுவில் துவண்டு போதல்
* பச்சை நிற வாந்தி, அல்லது ரத்த வாந்தி
* சிவப்பு ஜெல்லி போன்ற மலம், தார் போன்ற கறுப்பு மலம், நிறைய ரத்தம்
* வயிறு உப்பி, தொட்டாலே அழுதல்
* முகம் வெளுத்தல், கை கால் சில்லிடுதல், எழுப்பினாலும் சோர்ந்து கிடத்தல்
* ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமை
* தோலில் புதிதாகச் சிவப்பு, ஊதாப் புள்ளிகள்
* பிறந்து ஒரு மாதத்துக்குள் வரும் எந்த ரத்தமும்

வண்டி இல்லை என்றால் 108. குடல் செருகல் சந்தேகம் இருந்தால், மருத்துவர் பார்க்கும் வரை உணவோ மருந்தோ வாயில் கொடுக்க வேண்டாம். குழந்தைகள் அறுவை சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனை பக்கத்தில் எங்கே இருக்கிறது என்பதை இன்றைக்கே விசாரித்து போனில் பதிந்துவைப்பது நல்லது. சென்னையில் எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை போல, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் பலவற்றிலும் இந்தப் பிரிவு இருக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்குத் தேட ஆரம்பிக்கக் கூடாது.

அந்த முதல் வீட்டுப் பாட்டிக்கு குடல் செருகல் என்ற பெயரே தெரியாது. ஸ்கேனில் தெரிவதும் அவருக்குத் தெரியாது. அவர் செய்தது ஒன்றுதான். பேரனின் பக்கத்தில் உட்கார்ந்து, அழுகை எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது, நின்ற பிறகு பிள்ளை எப்படி இருக்கிறான் என்று மதியத்திலிருந்து கவனித்துக்கொண்டே இருந்தார். மருத்துவமனையில் மருத்துவர் முதலில் கேட்ட கேள்விகளும் அவைதாம். அம்மாவும் அப்பாவும் பதற்றத்தில் தடுமாறியபோது, பதில் சொன்னவர் பாட்டிதான்.